கடிகாரம் இல்லாத கணினியில் ஒரு கியோஸ்க்

எங்கள் அடுக்ககத்தின் வரவேற்பறையில் பழைய தொலைக்காட்சி ஒன்று சும்மா கிடந்தது. தண்ணீர் லாரி வரும் நேரத்தையும் பராமரிப்புக் கணக்கையும் காட்டும் சங்கத்தின் இணையப் பக்கத்தை அதில் எந்நேரமும் திறந்து வைப்பதற்காக, என்னிடம் இருந்த ராஸ்பெரி பை 3 என்ற சிறிய கணினியை அதன் பின்புறம் பொருத்தினேன்.

ஒரே பக்கத்தை மட்டும் காட்டும் கியோஸ்க்காக அதை மாற்றுவது அரை மணி நேர வேலைதான். கணினி கடவுச்சொல் கேட்காமல் திரைக்கு வரும்படி செய்து, குரோமியம் உலாவியைக் கியோஸ்க் விருப்பத்துடன் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டால், முகவரிப் பட்டை இல்லாமல் பக்கம் மட்டும் திரை முழுவதும் நிறைந்து நிற்கும். தமிழ் எழுத்துகள் முதலில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. நோட்டோ எழுத்துருவை நிறுவியதும் சரியாயின.

எனக்கு இருந்த கவலை மின்தடை பற்றியது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணினியின் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டு கெட்டுவிடக்கூடும் என்பதால், ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலில் உள்ள ஓவர்லே வசதியை இயக்கினேன். அதன்பின் எழுதப்படுபவை யாவும் நினைவகத்திலேயே தங்கி, அணைந்ததும் மறைந்துவிடும். இப்படிப் பூட்டிய கார்டு, பூட்டிய நாளில் இருந்தபடியே இருக்கும். பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்கும் தொல்லையும் இதனால் ஒழிந்தது.

இரண்டு மாதம் எத்தனையோ மின்தடைகளைத் தாங்கிய அந்தத் திரையில், ஒரு நாள் காலை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை நின்றது. என் கைப்பேசியில் அதே பக்கம் ஒழுங்காகத் திறந்தது. தளத்தில் குறை தேடி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிய பிறகே விஷயம் புரிந்தது. ராஸ்பெரி பை 3-இல் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்துதான் அது தொடங்கும். பிறகு இணையம் வந்ததும் திருத்திக்கொள்ளும். கார்டை நான் பூட்டிவிட்டதால் அந்தக் குறிப்பும் பூட்டிய நாளிலேயே உறைந்து, ஒவ்வொரு முறையும் கணினி அதே பழைய தேதியிலேயே விழித்திருக்கிறது. எங்கள் தளம் தன் அடையாளத்தை உலாவிக்கு உறுதிசெய்யப் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். அது முடியும் முன்பே புதுப்பிக்கப்பட்டுவிடும். புதிய சான்றிதழ் வந்தவுடன், அதன் தொடக்க நாள் கணினியின் தேதிக்குப் பிந்தியதாக இருந்ததால், அது இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி முடிவு செய்துவிட்டது. சில நொடிகளில் நேரம் சரியானாலும், திறந்த எச்சரிக்கை அப்படியே நின்றுவிட்டது.

சாதனத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பூட்டும்போது நான் யோசித்திருக்க வேண்டும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தலாம். 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, மின்கலம் மட்டும் தனியே வாங்க வேண்டும். நான் செலவில்லாத வழியைத் தேர்ந்தேன்: நேரம் ஒத்திசைந்ததா என்று நொடிக்கொரு முறை பார்த்து, ஆம் என்ற பின்பே உலாவியைத் தொடங்கும் சிறிய ஸ்கிரிப்ட். இணையம் வராவிட்டால் நேரமும் வராது. ஆனால் அப்போது காட்டவேண்டிய பக்கமும் வராது என்பதால் இழப்பில்லை. காத்திருக்கும் நொடிகளில் வெறும் திரையைப் பார்த்து யாரும் செருகியைப் பிடுங்கிவிடக் கூடாதென்று, ‘பக்கம் வருகிறது, அணைக்க வேண்டாம்’ என்று எழுதிய படத்தைப் பின்னணியில் வைத்திருக்கிறேன்.