நோட்டட் சார்

2016 நவம்பர் 10, வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வரிசை எங்கள் கிளை ஷட்டரில் தொடங்கி, பஸ் ஸ்டாப் வரை போய், டீக்கடையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. திருத்துறைப்பூண்டி பக்கத்துச் சிற்றூர் அது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று செவ்வாய்க்கிழமை இரவு அறிவித்தார்கள். புதன்கிழமை வங்கிகள் மூடிக் கிடந்தன. அடையாள அட்டை நகலைக் கொடுத்து, படிவம் எழுதி, ஒருவர் 4000 ரூபாய் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி.

முதல் நாள் ராத்திரியே நான் ஓர் அறிவிப்பு தட்டச்சு செய்து கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தேன். "ரொக்க இருப்பின் அடிப்படையில் நோட்டு மாற்றுதல் அனுமதிக்கப்படும். வாடிக்கையாளர்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." வரிசையின் முதல் ஆளாக நின்ற பாட்டிக்கு யாரோ அதை வாசித்துக் காட்டினார்கள். பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா எழுதியிருக்கு? பணம் உண்டுங்குதா, இல்லைங்குதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்டு என்றும் இல்லை என்றும் பிடிபடாமல் இருப்பதற்காகவே எழுதிய வாக்கியம் அது. மூன்று வருட வங்கி வேலையில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்த கலை அதுதான்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. 2013இல் தேர்வெழுதி அதிகாரியாக வந்தேன். பயிற்சியின்போது ஒருநாள் மாதிரி கவுண்டர் வைத்து எங்களைப் பேசச் சொன்னார்கள். வாடிக்கையாளராக நடித்த பையன் செக் என்ன ஆச்சு என்று கேட்க, நான் "இந்தா பாக்கேன் சார், பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். வகுப்பு மொத்தமும் சிரித்தது. சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கஸ்டமர்கிட்ட கொஞ்சம் மாத்திக்கோ" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். கிண்டல் என்றால் இரண்டு நாளில் மறந்திருக்கும். பிரியமாகச் சொன்னது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து ஒரு கவுண்டர் குரல் வளர்த்தேன். அதில் 'நான்' கிடையாது. "சிஸ்டம் ஏத்துக்கல." "மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." "பரிசீலனையில் உள்ளது." செயப்பாட்டு வினையைப் போல ஒரு குடை எங்கள் தொழிலில் வேறில்லை. கீழே நின்றுகொண்டால் ஒரு சொட்டு பழி மேலே விழாது. மண்டல அலுவலகத்தோடு பேச இன்னொரு குரல். அதற்கு இரண்டே வார்த்தை: "நோட்டட் சார்." டெபாசிட் இலக்கை இரட்டிப்பாக்கினாலும் நோட்டட் சார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் நோட்டட் சார். வாட்ஸப் குழுவில் முப்பது கிளைக்காரர்கள் வரிசையாக நோட்டட் சார் போடுவதைப் பார்த்தால் பஜனை மடம் மாதிரி இருக்கும்.

இந்தக் குரல்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் அது பொய்.

2015 மார்ச். வருடக் கடைசி, காப்பீட்டு இலக்கு பாக்கி. ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். இரண்டு லட்சம். அதில் 50,000 ரூபாயை ஒரு பாலிசியில் போட வைத்தேன். "டெபாசிட் மாதிரிதான் ஐயா, கூட ஆயுள் காப்பீடும் இருக்கு" என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இடையில எடுத்துக்கலாமாம்மா?" வருடாவருடம் கட்ட வேண்டும் என்றோ, நடுவில் விட்டால் கட்டியது கிட்டத்தட்டப் போனமாதிரிதான் என்றோ நான் சொல்லவில்லை. "விதிமுறைப்படி எடுத்துக்கலாம் ஐயா" என்றேன். பொய் இல்லை. அந்த 'விதிமுறைப்படி'க்குள் எல்லாம் இருந்தது, அவருக்குப் புரியும்படி எதுவும் இல்லை.

மறு மார்ச்சில் இரண்டாம் தவணைக்கான கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் படிவத்தைத் திருப்பி அவர் கையெழுத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் அவர் மனைவியின் சங்கிலி எங்கள் கிளைக்கே அடகுக்கு வந்தது. அப்ரைசர் உரசிப் பார்த்து எடை சொல்ல, வவுச்சரில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அந்தப் பணத்தில்தான் தவணை கட்டினார்.

நவம்பர் 10க்கு வருகிறேன்.

மேனேஜர் சார் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தவர், சர்க்கரை வேறு. பத்து மணிக்கு வெளியே சத்தம் ஏற ஏற அவருக்கு வியர்த்தது. "நீ போய் ஏதாவது சொல்லிட்டு வாம்மா" என்றார். ஏதாவது! படியில் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று காவலாளி அண்ணன் பெஞ்சை இழுத்துப் போட்டார். ஏறி நின்று, "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தேன். ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். தொண்டை கீச்சென்று உடைந்தது. உடைந்த தொண்டையில் அந்தக் கவுண்டர் குரல் வரவே மாட்டேன் என்றது.

"ஏங்க, இங்கன பாருங்க! பணம் கொஞ்சந்தான் இருக்கு. நூத்தம்பது பேருக்கு வரும். அதுக்கு மேல இன்னைக்கு நின்னா வெயில்தான் மிச்சம். வயசானவுக, கைப்பிள்ளக்காரிக முன்ன வாங்க. மத்தவுக நாளைக்கு வெள்ளென வாங்க, இப்பவே வரிசைப்படி சீட்டு எழுதித் தாரேன்."

சினிமாவாக இருந்தால் கூட்டம் அப்படியே அடங்கியிருக்கும். இங்கே பாதிப் பேர் அடங்கினார்கள். மீதிப் பேர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். ஆனால் அந்தத் திட்டு வேறு மாதிரி இருந்தது. அதுவரை கதவைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள், இப்போது என்னைப் பார்த்துத் திட்டினார்கள். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்று பதிலுக்கு ஒரு குரலும் வந்தது. சீட்டு வாங்கும்போது ஒரு அம்மா, "நீ எந்த ஊரும்மா? இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லையே" என்று கேட்டார். சங்கரன்கோவில் என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, செத்த நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தால் சுருங்கிப் போயிருப்பேன். அன்றைக்குச் சுருங்கவில்லை. நேரமும் இல்லை.

இதைத் தைரியம் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. வேறு வழியில்லாமல் வாயிலிருந்து விழுந்தது. கஷ்டமானது மறுநாள்தான்.

கிளைகளுக்குப் பணம் அனுப்பும் கரன்சி செஸ்ட்டிலிருந்து காலையில் பணம் வந்துவிடும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் சீட்டு எழுதினேன். வெள்ளிக்கிழமை பத்தரை ஆகியும் வண்டி வரவில்லை. கவுண்டரில் வந்து குவிவதெல்லாம் பழைய நோட்டு. வைக்க இடமில்லாமல் சாக்கில் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம், எடுத்துக் கொடுக்க ஒரு கட்டு இல்லை. வெளியே என் கையெழுத்துள்ள சீட்டோடு இருநூறு பேர். மேனேஜர் சார், "சர்வர் டவுன்னு சொல்லிடும்மா" என்றார். சொல்லியிருக்கலாம். இந்தியாவில் எந்த வங்கிக் கிளையிலும் அதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

பெஞ்சில் ஏறினேன். முழங்கால் நடுங்கியது. "நேத்து நான் சொன்னது தப்பாப் போச்சு. பணம் வரல. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

'தெரியாது' என்ற சொல் கவுண்டரில் விலக்கப்பட்ட சொல். நிர்வாகம் தெரியாது என்று சொல்லக்கூடாது. எனக்கும் முதல் முறை. ஒருவர் சீட்டைக் கிழித்து என் காலடியில் போட்டார். களை பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அக்கா சொன்னதுதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நேத்தே தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் வயலுக்குப் போயிருப்பேன். ஒரு நாள் கூலி போச்சு." நல்ல வார்த்தையாகத்தானே சொன்னோம் என்று நான் நினைத்த வாக்குறுதிக்கு, அவர் கணக்கில் விலை ஒரு நாள் கூலி.

மறுநாளிலிருந்து கரும்பலகை ஒன்று வாங்கி வாசலில் மாட்டினேன். காலை எட்டு மணிக்கு அதில் மூன்றே வார்த்தை: 'இன்று பணம் உண்டு' அல்லது 'இன்று பணம் இல்லை'. டவுன் பஸ் கண்டக்டர்கள் போகிற போக்கில் அதைப் படித்துவிட்டு ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு விதிகள் நாளொரு மாதிரி மாறின. 4000 ரூபாய் 4500 ஆனது, சில நாளில் 2000 ஆனது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப மாற்றாமல் இருக்க விரலில் மை வந்தது. 14ஆம் தேதி மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டு வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட, சொசைட்டியை மட்டுமே நம்பியிருந்த விவசாயிகளும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் பெஞ்சில் ஏறித்தான் சொன்னேன். நாலைந்து நாளில் பெஞ்சை உள்ளே எடுத்து வைப்பதையே காவலாளி அண்ணன் விட்டுவிட்டார்.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. சம்பா கருகியது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. அடுத்த வாரமே மண்டல அலுவலகத்தில் வசூல் ஆய்வுக் கூட்டம். மேனேஜர் சார் விடுப்பில் இருந்ததால் நான் போனேன். எங்கள் கிளையின் பயிர்க்கடன் வசூலுக்கு ஒரு தொகையைச் சொல்லி மார்ச்சுக்குள் என்றார் மேலதிகாரி. நாக்கு நுனியில் நோட்டட் சார் வந்து நின்றது. முழுங்கிவிட்டு, என் ஓட்டை இங்கிலீஷில் தொடங்கி நடுவில் தமிழுக்குத் தாவி, "சார், பயிர் நின்னபடியே காஞ்சு கிடக்கு. இந்தத் தொகை வராது. நகைக்கடன் வட்டி வரும், அது இவ்வளவு. அதை வாங்கித் தாரேன்" என்றேன். 'தாரேன்' அங்கேயும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், "நெக்ஸ்ட் பிராஞ்ச்" என்றார். அவ்வளவுதான். கைதட்டலும் இல்லை, தண்டனையும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் மேனேஜர் சார்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நோட்டட்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே?"

அந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தில் 'தகவல் தொடர்புத் திறன்' என்ற கட்டத்தில் எனக்கு 'மேம்பாடு தேவை' என்று வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் அப்படிப் பேசிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் எத்தனையோ நோட்டட் சார் போட்டிருக்கிறேன், போன வாரம்கூட. ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. கேங்மேன் ஐயா. அந்த 2016 நவம்பரிலும் அவர் வரிசையில்தான் நின்றார். ரயில்வே ஓய்வூதியக்காரர்கள் நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். நோட்டுக் கூட்டத்தில் நாலு மணி நேரம் நின்று, தான் உயிரோடு இருப்பதாக எழுதிய தாளை நீட்டினார். இருநூறு பேருக்கு முன்னால் தப்பாப் போச்சு என்று சொல்ல முடிந்த எனக்கு, ஒற்றை ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. சீல் வைத்துக் கொடுத்தேன்.

2017 மார்ச்சில் மூன்றாம் தவணையும் கட்டினார். அந்த நவம்பரில் மறுபடி வந்தார். மதியம், கூட்டமில்லை. உயிர்ச்சான்றில் தேதி எழுதிக்கொண்டே, நிமிராமல் ஆரம்பித்தேன். பிறகு பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "ஐயா, அந்தப் பாலிசி... அன்னைக்கு நான் சரியாச் சொல்லல. வருசாவருசம் கட்டணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"தெரியும்மா. கையெழுத்தக் காட்டினியே, அப்ப நீ தாளத்தான் பாத்த. என் மூஞ்சியப் பாக்கல."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். இனிமேல் எடுத்தால் எவ்வளவு வரும், தொடர்ந்து கட்டினால் எவ்வளவு வரும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டினேன். எடுத்தால் நஷ்டம் எவ்வளவு என்பதையும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வீட்ல கேட்டுட்டு வர்றேன். இப்ப சீல வையி, மூணு மணி பஸ்ஸு போயிரும்."