உட்கார்ந்து போடும்மா

ஃப்ளூ காய்ச்சல் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த சமயம். சமூக கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தடுப்பூசி மேசையில் என்னைப் போட்டிருந்தார்கள். வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. சீக்கிரம் போட்டு அனுப்புவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, நின்றபடியே ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபது பேராவது ஆகியிருக்கும். அடுத்த மேசையிலிருந்த மூத்த சிஸ்டர் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"உட்கார்ந்து போடும்மா."

"எனக்குக் கால் வலிக்கலை சிஸ்டர்."

"உன் காலுக்கு இல்ல, அவங்க தோளுக்கு."

அப்புறம் இடைவேளையில் விளக்கினார். உட்கார்ந்திருப்பவருக்கு நாம் நின்றுகொண்டு போட்டால், ஊசி நம்மை அறியாமலே மேலே போய்விடும். தோள் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, டெல்டாய்டு தசையில்தான் அது இறங்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால் மருந்து மூட்டுப் பக்கம் போய், மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாத வலி வரலாம். அரிதுதான். வலியோடு வந்து நிற்பவரிடம் அதைச் சொல்ல முடியுமா? பரீட்சையில் இதே தசையைப் படம் வரைந்து மார்க் வாங்கியவள் நான்.

உட்கார்ந்ததில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை பேசாமல் கையை நீட்டியவர்கள், முகத்துக்கு நேராக முகம் வந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "போன தடவை போட்டுக்கிட்டு மூணாம் நாளே படுத்துட்டேன். இந்த ஊசியாலதானே?"

காலையில் கேட்டிருந்தால், "அப்படியெல்லாம் வராது" என்று சொல்லிக் குத்தியிருப்பேன். இப்போது நிதானமாகச் சொன்னேன். இதில் இருப்பது செயலிழக்க வைத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கைவலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தி உருவாக 2 வாரம் ஆகும். கிருமி உள்ளே போனால் 1 முதல் 4 நாளிலேயே காய்ச்சல் காட்டும். ஊரெல்லாம் பரவும்போது வந்தால், வரிசையில் நிற்கும்போதே கிருமி உள்ளே இருக்கலாம். பழி மட்டும் ஊசி மேல் விழும்.

"அப்போ முன்னாடியே வந்திருக்கணும்" என்றார், கொஞ்சம் கோபமாக. கோபம் என் மேலா, அவர் மேலேயா, தெரியவில்லை. கையை நீட்டினார்.

வேகம் குறைந்ததென்னவோ உண்மை. வரிசையில் முணுமுணுப்பு கேட்டது. சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் கூட்டம் வடிந்ததும், "நீ போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார்.

"நாளைக்கு..."

"காய்ச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சிடுவ. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் வயசானவங்க."

ஸ்டூலில் அவர் உட்கார்ந்துகொண்டார். நாற்காலியில் நான். நாள் முழுக்க "கையைத் தளர்த்துங்க" என்று சொன்னவள், கட்டையாக விறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். முடிந்ததும் எழுந்து சிரிஞ்சுப் பெட்டியை மூடப் போனேன்.

"எங்க போற? பதினஞ்சு நிமிஷம்."

"சிஸ்டர், நான் ஸ்டாஃப்."

"மயக்கத்துக்கு அது தெரியுமா? போய் உட்காரு."

காத்திருப்பு நாற்காலிகளில் கடைசியாக ஊசி போட்டுக்கொண்ட அம்மா இருந்தார். நகர்ந்து இடம் கொடுத்து, "வலிச்சதா?" என்று கேட்டார்.