கரண்ட் வைக்கும்போது கொழுப்பு மாத்திரை

புராஸ்டேட் புற்றுநோய்க்கு மதுரையில் போய்க் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ளும் நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் பலருக்கு ஏற்கெனவே சுகரோ இதயக் கோளாறோ இருக்கும். கையில் அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ இருக்கும்; ஸ்டாட்டின் என்கிற கொழுப்பு மாத்திரைகள் இவை. அதை நிறுத்த வேண்டுமா? டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் மாரடைப்புக்கு வழிவிட்டதாகும்.

ஈரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையின் தொடக்கத்திலேயே ஒரு என்சைமை ஸ்டாட்டின் அடைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் ரோ, ராஸ் போன்ற புரதங்கள் சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தேவையான கொழுப்பு வாலும் அதே பாதையில்தான் உருவாகிறது. வால் கிடைக்காவிட்டால் வளர்ச்சிச் சமிக்ஞை தடுமாறும். கதிர்பட்ட புற்றுச் செல் இதனால் சீக்கிரம் சாகும் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்டது. மனிதர்களில், 2010, 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வுகளில் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகத் தெரிந்தது. ஆனால் அவை பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதியவை. தினம் மாத்திரை போடுகிறவர் செக்கப்புக்கும் ஒழுங்காகப் போகிறவராக இருப்பார் அல்லவா? எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. கரண்டுக்கென்று மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட இது போதாது.

ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போடுகிறவர் கதை வேறு. அது கொலஸ்ட்ராலையும் சுகரையும் ஏற்றும். ஊசி தொடங்கும் முன்பே ரத்தக் கொழுப்பைப் பார்த்துவிடுங்கள்.

புராஸ்டேட் நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் ஸ்டாட்டின் கொஞ்சம் இறக்கும். கரண்ட் முடிந்தபின் பிஎஸ்ஏ தொட்ட மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 ஏறினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. ஆகவே மாத்திரை தொடங்கிய, நிறுத்திய தேதிகளை ரிப்போர்ட் ஃபைலிலேயே எழுதிவையுங்கள். டெஸ்ட்டை ஒரே லேபில் எடுங்கள்.

வலை இழுக்கிறவருக்குத் தோள்வலி புதிதல்ல. மாத்திரையால் வரும் வலி வேறு மாதிரி: கடலுக்குப் போகாத நாளிலும் இரண்டு தொடையும் இரண்டு தோளும் சேர்ந்து வலிக்கும், உட்கார்ந்து எழவே சிரமமாகும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; தசை சிதைகிறதா என்று காட்டும் சிகே, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டும் பார்ப்பார்கள். சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போடுகிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை தசையைக் கெடுக்கும். கரண்ட் நாட்களில் வரும் நீர்க்கடுப்பு மூத்திரப்பை சம்பந்தப்பட்டது, இதோடு குழப்பாதீர்கள்.

மாத்திரையைவிட மூத்திரப்பை நிரம்புவதற்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். பை நிரம்பினால் குடல் மேலே விலகும். அதற்குக் கதிர் குறைவாகப் படும். வழக்கமாகச் சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அரை முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறுகிறவர், வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வருவார். காய்ந்த உடம்பில் அந்த அரை லிட்டர் பைக்கு வந்துசேராது. ஸ்கேனில் பை சின்னதாகத் தெரியும், மறுபடி காக்க வைப்பார்கள். முந்தின நாளிலிருந்தே குடியுங்கள். மொச்சை, கிழங்கு, சோடா வேண்டாம். மலக்குடலில் வாயு நின்றால் புராஸ்டேட் இடம் மாறும். 20 தடவையில் 60 கிரே (கதிரின் அளவு) என்றால் 4 வாரம், 39 தடவையில் 78 கிரே என்றால் 8 வாரம். முடிந்தவர்கள் மதுரையிலேயே தங்கிவிடுவது நல்லது.