கலராகாவின் அந்தச் சிரிப்பு
பேஸ்பால் பேச்சு வந்தாலே எனக்கு 2010 ஜூன் 2, டெட்ராய்ட் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாந்துக்கு எதிராக வரிசையாக 26 பேரை அவுட்டாக்கிவிட்டார், இன்னும் ஒரே ஒருவர், அதுவும் முடிந்தால் பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரையும் பேஸை எட்டவிடாமல் 27 பேரையும் அவுட்டாக்கும் ஆட்டம், அதுவரை அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பாலான மேஜர் லீக் வரலாற்றிலேயே 20 முறைதான் நடந்திருந்தது.

27வது ஆள் தரையோடு அடித்த பந்தை சக ஆட்டக்காரர் கப்ரேரா எடுத்து எறிய, கலராகா ஓடிவந்து பிடித்து, அடித்தவர் எட்ட வேண்டிய முதல் பேஸை அவருக்கு முன்பே மிதித்துவிட்டார். ஓடிவந்தவருக்கு இன்னும் ஓரடி பாக்கி. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் கையை விரித்து 'சேஃப்', அதாவது அவுட் இல்லை என்றார்.

கலராகா கத்தவில்லை. சும்மா சிரித்தார். அப்புறம் திரும்பிப் போய் அடுத்தவரை அவுட்டாக்கி 3-0 என்று ஆட்டத்தை முடித்தார்.

ரீப்ளே பார்த்ததும் ஜாய்ஸ் தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு, கலராகாவிடம் நேரில் மன்னிப்பும் கேட்டார். தீர்ப்பு மட்டும் மாறவே இல்லை, அது இன்னமும் எனக்கு ஆறவில்லை. மறுநாளும் அவர்தான் நடுவர். ஆட்டக்காரர் பட்டியலை அவர் கையில் கொடுக்க வந்தது கலராகா. வாங்கும்போது ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.