வெளிநாட்டு நகரத்தோடு ஒப்பந்தமா? கையெழுத்துப் போடப்போவது யார்?

புதுச்சேரிக்கும் பிரான்ஸ் ஊர் ஒன்றுக்கும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்று பேச்செடுத்தாலே பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. அங்கே கையெழுத்திடுபவர் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர். இங்கே 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்ததும் பொறுப்பு அதிகாரிகள் கைக்குப் போனது. நகராட்சி ஆணையர் மாறினால் கோப்பு தூங்கிவிடும். அதனால் ஒப்பந்தத்தில் தொடர்பாளராக ஆள் பெயரைப் போடாமல் பதவியைப் போடுங்கள். அடிக்கடி மாற்றலாகாத ஒரு பொறியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியுறவு மத்தியப் பட்டியலில் உள்ளது, அதாவது அது மத்திய அரசின் அதிகாரம். வரைவு உள்ளாட்சித் துறை, தலைமைச் செயலர், துணைநிலை ஆளுநர் வழியாக டெல்லிக்குப் போகவேண்டும். வெளியுறவு அமைச்சகத்தில் மாநிலங்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு உண்டு. 'கடமைப்பட்டுள்ளனர்' போன்ற சொற்கள் வரைவை நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை போல ஆக்கிவிடும். 'முயல்வர்' என்றே எழுதுங்கள்.

'கலாசாரம், சுற்றுலா, கல்வி' என்று எல்லாவற்றையும் அள்ளிப்போடும் ஒப்பந்தம் போட்டோவோடு முடியும். வைசியாள் வீதியைப் பாருங்கள். ஐரோப்பிய, ஆசிய நகரங்களை இணைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னவ் சூர் லோ இரண்டும் புதுச்சேரியோடு கைகோத்தன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் உதவியோடு அந்த ஒரு வீதியின் வீட்டு முகப்புகளை மீட்டார்கள். பின்னர் யுனெஸ்கோ விருதும் வந்தது.

பயணத்துக்கு அழைப்பு வந்தால், செலவை அவர்கள் ஏற்கும்போது அரசு ஊழியரும் சட்டமன்ற உறுப்பினரும் உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்சி-2 படிவம் (வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க அனுமதி கேட்பது) அனுப்பவேண்டும். அழைப்புக் கடிதம், துறை அனுமதி இரண்டும் இணைத்து, கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது போய்ச் சேரவேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியைத் தனியாக வாங்கவேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் வழக்கமான தவறு.

இனி பணம். நகராட்சி நேராக உலக வங்கியிடம் போய் நிற்க முடியாது. 2014-ல் இடிந்த மேரி கட்டடத்தை (பழைய நகராட்சி அலுவலகம்) 2021-ல் எழுப்பித் திறந்ததும், மத்திய அரசு வழியாக வந்த உலக வங்கிக் கடலோரப் பேரிடர்த் திட்ட நிதியில்தான். மானியத்துக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு உள்ளாட்சிகள் தங்கள் தண்ணீர், கழிவுநீர் வரவுசெலவில் 1% வரை வெளிநாட்டு ஒத்துழைப்புக்குச் செலவிடலாம். அதோடு பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் சேர்த்துத் தரும் இணைநிதிக்கு அந்த பிரெஞ்சு ஊர்தான் விண்ணப்பிக்கும், நாம் இல்லை. எனவே அழகுபடுத்தும் யோசனைகளை விட்டுவிட்டு வாய்க்கால், குடிநீர்க் குழாய் கணக்கோடு பேச்சைத் தொடங்குங்கள்.

பக்கத்தில் தமிழ்நாட்டின் கடலூருக்கு 2022 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் உண்டு. அங்கே கையெழுத்துப் பிரச்சினை இல்லை; கோப்பு சென்னை வழியாகப் போகும், அவ்வளவுதான்.