97 மின்னஞ்சல்கள்

இறுதியாண்டு மாணவர்களுக்குப் பெரிய மென்பொருள் அமைப்புகளைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். இன்று வரைபடம் எதுவும் போடவில்லை. நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைச் சொன்னேன்.

2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச்சந்தை. நிறுவனத்தின் 8 சர்வர்களில் 7-இல்தான் ஒரு டெக்னீஷியன் புதிய கோடை (மென்பொருள் நிரலை) ஏற்றியிருந்தார். விடுபட்ட ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய கோடு உயிர்பெற்று, சுமார் 45 நிமிடம் கண்டபடி ஆர்டர் போட்டுத் தள்ளியது. நஷ்டம் 44 கோடி டாலருக்கும் மேல். பதற்றத்தில், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். அவற்றிலும் பழைய கோடு ஓடத் தொடங்கி, நிலைமை இன்னும் மோசமானது.

சந்தை திறக்கும் முன்பே அந்த சிஸ்டம் பிழையைச் சொல்லி 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"அந்த டெக்னீஷியனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களா சார்?" முதல் கேள்வியே இதுதான். மனசு கனத்துவிட்டது. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியே அங்கு இல்லை. அதை எழுதவைப்பது தலைமையின் வேலை அல்லவா? மீதி நேரம் முழுக்க இதைத்தான் பேசினோம்.

அப்புறம், இதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்தார். "பயன்படாத கோடை ஏன் சார் அழிக்காமல் வைத்திருந்தார்கள்?"

அடுத்த வகுப்பை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.