பனங்காடைக்கு எங்கள் ஊரில் இரண்டு பெயர்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பதினோர் ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எங்கள் ஊர் கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கடையிலும் பேருந்திலும் மலையாளம் பேசுகிறார்கள். அதனால் இங்குள்ள பறவைகளில் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பறவையைக் காட்டி, "டீச்சர், எங்க அப்புச்சி அதைப் பனங்காடைங்கறாரு, பக்கத்து வீட்டுச் சேச்சி பனங்காக்கங்கறாங்க. அது காடையா, காக்காயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கியதிலிருந்துதான் பறவைகளையும் மரங்களையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் என் முறை மாறியது.

அது காடையும் அன்று, காகமும் அன்று. ஆனால் இரண்டு மொழிக்காரர்களும் அதன் பெயரில் பனையை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டபோது வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. பட்டுப்போன பனையின் தண்டில் இருக்கும் பொந்தில் அது முட்டையிடுகிறது என்பதைச் சிறுமியின் அப்புச்சி, அதாவது தாத்தாதான், மறுநாள் சொல்லி அனுப்பினார். உட்கார்ந்திருக்கும்போது மங்கலான தவிட்டு நிறமாகத் தோன்றும் அந்தப் பறவை சிறகை விரித்தவுடன் நீலமாகிவிடுவதைப் பார்ப்பதற்காக, அடுத்த நாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வகுப்பு முழுவதையும் வேலி ஓரம் நிறுத்தி வைத்தேன். அது வெட்டுக்கிளி ஒன்றைப் பிடிக்கத் தரையிறங்கியபோது பிள்ளைகள் எழுப்பிய ஓசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு, பெயர்களையே முதல் பாடமாக வைத்துக்கொண்டேன். தவிட்டின் நிறத்தில் இருப்பதால் நமக்குத் தவிட்டுக்குருவி. சருகைக் கிளறிக்கொண்டே திரிவதால் மலையாளத்தில் கரியிலக்கிளி. ஆள் நடமாட்டத்தைக் கண்டு கத்துவதால் நமக்கு ஆள்காட்டி. கத்தும் ஓசையால் அவர்களுக்குத் தித்திரி. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் துரத்தியடிக்கும் கரிச்சானை, யானையையே தூக்கிச் செல்லும் பறவை என்ற பொருளில் ஆனறாஞ்சி என்கிறார்கள். ஒரு மொழி நிறத்தைக் கவனித்திருக்கிறது, மற்றொன்று நடத்தையைக் கவனித்திருக்கிறது. இரண்டையும் தெரிந்த எல்லையோரக் குழந்தைக்கு ஒரே பறவையைப் பற்றி இரண்டு செய்திகள் சும்மா கிடைத்துவிடுகின்றன. இந்தப் பெயர்கள் பாட்டி தாத்தாக்களிடம் இருக்கின்றன, அப்பா அம்மாக்களிடம் பாதி மறந்துவிட்டன, பிள்ளைகளிடம் அநேகமாக இல்லை. ஆகவே வீட்டுப்பாடமாகப் பெயர் கேட்டுவரச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், தன் பேத்தியின் குறிப்பேட்டுக்காகப் பதினேழு பறவைகளின் பெயர்களைச் சொல்லியிருந்தார்.

எங்கள் பள்ளி வேலிக்கு வெளியே ஒரு பெண்பனை நிற்கிறது. ஆண்டு முழுவதும் அந்த ஒரு மரத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை அதன் இலை, பூ, காய் ஆகியவற்றின் நிலையைக் குறித்து வருகிறார்கள். கேரளப் பள்ளிகள் அதில் பெருமளவில் பங்கேற்றிருக்கின்றன. அந்த முறையையே பின்பற்றி, மரத்தோடு அதில் வந்து போகும் உயிர்களையும் சேர்த்துக்கொண்டோம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம், தென்னை கேரளத்தின் மாநில மரம் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் நுங்கு ஆண்பனையில் காய்க்காது என்பது பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தது. கள் இறக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். பாளையைக் கண்டு ஆண், பெண் அறிவது எப்படி என்று அவர் காட்டினார், பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "காவோலையை முழுசாக் கழிச்சுட்டா அந்தச் சின்னக் குருவிக்கு எடமில்லாமப் போயிரும் டீச்சர், அதனால நான் நாலஞ்சு ஓலைய விட்டுருவேன்."

அவர் சொன்ன சின்னக் குருவி பனை உழவாரன். அது தரையிலோ கம்பியிலோ உட்காருவதில்லை. அதன் கால்கள் பற்றித் தொங்குவதற்கு மட்டுமே ஏற்றவை. பறந்துகொண்டே பூச்சிகளைப் பிடிக்கிறது, பறந்துகொண்டே காற்றில் மிதக்கும் இறகையும் பஞ்சையும் சேகரிக்கிறது, அவற்றைத் தன் எச்சிலால் தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிச் சிறு கிண்ணம்போல் கூடமைக்கிறது. தோட்டத்தைத் துப்புரவாக வைக்கிறோம் என்று காய்ந்த ஓலைகளை ஒன்றுவிடாமல் வெட்டும்போது அந்தக் கூடுகளும் போய்விடுகின்றன. இதைப் புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். மரத்தில் ஏறுகிறவரின் வாயிலிருந்து கேட்டபோதுதான் பிள்ளைகள் நம்பினார்கள். அதற்குப் பிறகு அவரை அவர்கள் தெருவில் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். பனையில் இந்தக் குருவி கட்டும் கூட்டைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. நெல் வயலிலிருந்து இலைகளை நீள நாராகக் கிழித்து வந்து, தலைக்கவசம் போன்ற பாதிக் கூடு வரை பின்னி நிறுத்திக்கொள்ளும். பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியைப் பின்னும். முழுக் கூட்டுக்கும் ஏறத்தாழ 18 நாட்கள் ஆகும். கைவிடப்பட்ட பாதிக் கூடுகள் மரத்தில் தொங்குவது ஏன் என்று அதுவரை பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. கூட்டில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்ற பழைய பேச்சையும் கேட்டு வந்தார்கள். கூட்டுக்குள் மண் அப்பியிருப்பது உண்மை, கூடு காற்றில் அதிகம் ஆடாமலிருக்க அது உதவலாம் என்று சொல்லப்படுகிறது, மின்மினிக்குச் சான்றில்லை என்று பிரித்துச் சொன்னேன்.

அந்த ஆடி மாதத்தில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் நிறைவளித்தது. பதின்மூன்று கூடுகளில் பதினொன்று மரத்தின் கிழக்குப் பக்கமாகவே தொங்குவதை ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கவனித்தான். நாங்கள் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வாழ்கிறவர்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று எங்கள் வீட்டு ஓட்டைத் தூக்கும் என்பதைக் குழந்தைகளும் அறிவார்கள். காற்றையும் மழையையும் மரத்தின் தண்டும் தலையும் தாங்கிக்கொள்ள, அதன் மறைவில் குருவி கூடு கட்டுகிறது என்று நான் சொல்வதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். பல இடங்களில் பறவை ஆய்வாளர்கள் கண்டு எழுதிய செய்திதான் இது. ஆனாலும் அவன் அதைத் தானாகக் கண்டுபிடித்தான், தன் வீட்டுக் கூரையை வைத்துக் கண்டுபிடித்தான்.

தொலைவில் உள்ள காட்டைக் காட்டிப் பாடத்தைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு குறைந்துவிட்டது. முன்பு ஒருமுறை பிள்ளைகளைப் பரம்பிக்குளத்துக்கு அழைத்துச் சென்றோம். 2010 ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கேரளக் காடு அது. ஆனால் சாலை வழியாக அங்கே செல்லத் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். கன்னிமாரா என்னும் மாபெரும் தேக்கு மரத்தின் அடியில் கைகோத்து நின்றார்கள், காட்டெருமை பார்த்தார்கள், திரும்பும்போது புலி வரவில்லை என்ற ஏமாற்றத்தோடு வந்தார்கள். காடு வேடிக்கை பார்க்கும் இடமாக அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டதோ என்று வருந்தினேன். ஒற்றைப் பனையை ஓராண்டு பார்த்த பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால் நிச்சயமாக வேறு மாதிரி பார்ப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது உழவர் வீட்டுப் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. மயில் விஷயத்தில் இது எனக்கு நேரடியாக விளங்கியது. 1963 முதல் அது தேசியப் பறவை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கிறது. எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. காவசேரியில் பிறந்து, இந்துசூடன் என்ற பெயரில் எழுதி, மலையாளிகளுக்குத் தம் மொழியிலேயே பறவைகளை அறிமுகப்படுத்திய கே. கே. நீலகண்டனின் நினைவாக அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது ஒரு பையன் எழுந்து, "எங்க காட்டுல நட்ட கடலை முழுசையும் மயில்தான் தின்னுச்சு டீச்சர்" என்றான். அவன் சொன்னது உண்மை. 2023 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் மயில் மிகவும் பெருகியிருக்கிறது என்கிறது. அதே அறிக்கை பனங்காடை நாடெங்கும் குறைந்து வருவதாகவும் சொல்கிறது. எல்லாப் பறவையும் அழிகிறது என்று பொதுவாகச் சொல்வது எளிது, ஆனால் வயலில் நின்று பார்க்கும் குழந்தை அதை ஏற்காது. எது பெருகுகிறது, எது குறைகிறது, இரண்டுக்கும் காரணம் என்ன என்று அவனோடு சேர்ந்து கேட்பதுதான் முறை. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம் என்பதையும், விதை விதைத்த முதல் இரண்டு வாரம் காவலிருந்தால் பெரும் சேதத்தைத் தவிர்க்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவதையும் அன்று பேசினோம். அவன் தந்தையின் இழப்பை நான் சிறிதாக்கிப் பேசவில்லை.

கிளி வளர்ப்பைப் பற்றியும் அப்படித்தான். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது அதே சட்டப்படி தவறு என்று பல வீடுகளில் தெரியவே தெரியாது. மாணவி ஒருத்தியின் வீட்டில் பனைப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அவளை வகுப்பில் வைத்துக் கேட்காமல், அவள் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். சில நாட்களில் அவர்களே வனத்துறையினரிடம் ஒப்படைத்தார்கள்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் பள்ளியிலிருந்து சிறிது தொலைவில், வரப்போரம் நின்ற ஏழு பனைகளைச் செங்கல் சூளைக்காக வெட்டினார்கள். அவற்றில் ஒன்று இடி விழுந்து தலை போன மொட்டைப்பனை. அதன் பொந்தில் பனங்காடை இணை ஒன்று போய் வருவதைப் பிள்ளைகள் பன்னிரண்டு நாட்களாகக் குறித்து வந்திருந்தார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது அடித்தூர் மட்டும் இருந்தது. இரண்டு பறவைகளும் அன்று மாலை வரை அந்த இடத்தின் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. நில உடைமையாளருக்கு அது காய்க்காத, பதநீரும் தராத பட்ட மரம். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் பச்சை மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்த நான், பட்ட மரத்தையும் நிற்க விட வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. பனங்காடைக்கும் புள்ளி ஆந்தைக்கும் பச்சைக்கிளிக்கும் வேண்டியது பொந்து. மரங்கொத்தி துளைத்ததும் தானாக உளுத்ததுமான பொந்து பழைய மரத்திலும் பட்ட மரத்திலும்தான் கிடைக்கும்.

அந்த ஆவணியில் பிள்ளைகள் விழுந்து கிடந்த பனம்பழங்களைப் பொறுக்கி வந்தார்கள். வாய்க்கால் கரையில், பஞ்சாயத்து உறுப்பினரிடம் கேட்டு, பத்தடிக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு விதைகளை ஊன்றினோம். பனை முதலில் மண்ணுக்குள்தான் வளரும். பல ஆண்டுகளுக்குத் தண்டே தெரியாது, காய்க்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதில் பொந்து உண்டாகிப் பனங்காடை குடிவருவதை நான் பார்க்கப் போவதில்லை. பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகவே சொன்னேன். ஒருவரும் சோர்ந்துபோகவில்லை, யார் எந்தக் குழிக்குப் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

இடைப்பட்ட காலத்துக்கு என்ன வழி என்று அவர்களே யோசித்தார்கள். முதலில் கேள்வி கேட்ட அந்தச் சிறுமி இப்போது நடுநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். இருந்தும் சனிக்கிழமைகளில் வருகிறாள். அவளுடைய அப்புச்சியின் தோட்டத்தில் ஒரு மொட்டைப்பனை இருக்கிறது. அதை வெட்ட வேண்டாம் என்று ஆறு பிள்ளைகள் சேர்ந்து போய்க் கேட்டார்கள். அவர், "காத்துல விழுந்தா மோட்டார் ரூம் மேலதான் விழும் அம்மணி" என்று தயங்கிவிட்டு, குஞ்சு பறக்கும் வரை, அதாவது ஆடிக்காற்று தொடங்கும் வரை விட்டுவைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். இப்போது பங்குனி. சென்ற வாரக் குறிப்பில், காலை 7.40 மணிக்கு ஒரு பனங்காடை பொந்துக்குள் நுழைந்து நான்கு நிமிடம் கழித்து வெளியே வந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆடிக்குப் பிறகு அந்த மரத்தை என்ன செய்வது, மேல்பாதியை மட்டும் அறுத்துக் கீழ்ப்பாதியை நிறுத்தலாமா என்று கேட்பதற்காக வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போகிறேன். கள் இறக்கும் பெரியவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.